சான்றிதழ் கைக்கு வந்தது, மூடுல் காலியாகவே கிடக்கிறது
வாசகர் கேள்வி – பதில்: கல்லூரி ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்குமான தொழில்நுட்பப் பயிற்சி

எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் தளம் பற்றி ஐந்து நாள் இணையவழிப் பயிற்சி நடத்தினோம். கலந்துகொண்ட எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். ஒரு பருவம் முடிந்துவிட்டது. இன்று தளத்தைத் திறந்தால் பாதிப் பாடங்களில் பாடத்திட்ட பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது. மறுபடியும் ஒரு பயிற்சி வைக்கலாமா?
– ஒருங்கிணைப்பாளர், கோவை மாவட்டம்

வையுங்கள். ஆனால் அதே பயிற்சியை வைக்காதீர்கள். ஐந்து நாளும் ஒருவர் திரையைப் பகிர்ந்து பேச, மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால், கடைசியில் மிஞ்சுவது வருகைப் பதிவு மட்டும்தான்.

இந்த முறை மூடுல் முழுவதையும் சொல்லித்தரும் ஆசையை விட்டுவிடுங்கள். மூன்று வேலை போதும்: ஒரு கோப்பை ஏற்றுவது, ஒப்படைப்பு வாங்குவது, பத்துக் கேள்வியில் ஒரு வினாடி வினா வைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம், தனித்தனி நாளில். ஒரு அமர்வுக்கு 16 பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒருவர் என்று இரண்டு உதவியாளர்கள் சுற்றி வரவேண்டும். வருபவர்கள் தங்கள் சொந்தப் பாடத்தின் ஒரு அலகுக் குறிப்பையும், தாங்களே எழுதிய பத்துக் கொள்குறி வினாக்களையும் கொண்டுவரட்டும். பயிற்சிக்கென்று தனியாக ‘மாதிரிப் பாடம்’ உருவாக்காதீர்கள். அவரவருடைய உண்மையான பாடப் பக்கத்திலேயே வேலை நடக்கட்டும். எழுந்து போகும்போது அடுத்த வாரம் வகுப்பில் பயன்படும் ஒன்று தளத்தில் இருக்கவேண்டும்.

முந்தின நாளே எல்லாருடைய உள்நுழைவையும் சோதித்துவிடுங்கள். மறந்துபோன கடவுச்சொல்லே முதல் அரைமணி நேரத்தைத் தின்றுவிடும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மணி நேரம் ‘சிக்கல் தீர்க்கும் நேரம்’ என்று ஒதுக்குங்கள். உரை வேண்டாம், வருபவர் தன் சிக்கலோடு வந்தால் போதும். உண்மையான கற்றல் பெரும்பாலும் அன்றுதான் நடக்கும். அன்று வரப்போகும் சிக்கல்கள் எவை என்று இப்போதே சொல்லிவிடலாம்.

முதலாவது, ‘கோப்பு மிகப் பெரியது’. மாணவர்கள் விடைத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவார்கள். ஒரு படமே 3 முதல் 5 எம்பி வரும். மூடுல் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பியில் மாற்றாமல் விட்டால் பதிவேற்ற உச்சவரம்பு வெறும் 2 எம்பிதான். ஆசிரியர் ஒப்படைப்புப் பக்கத்தில் எவ்வளவு உயர்த்திப் பார்த்தாலும் பலிக்காது. காரணம், வரம்பு நான்கு அடுக்காக இருக்கிறது: சேவையகம், தளம், பாடம், செயல்பாடு. எது சிறியதோ அதுதான் செல்லும். கீழிருந்து மேலே பார்க்காமல் சேவையகத்திலிருந்து கீழே இறங்கிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘கடைசித் தேதி தாண்டியும் வாங்கிக்கொள்கிறதே!’ மூடுலில் இரண்டு தேதிகள் உண்டு. கெடு தேதி தாண்டினால் ‘தாமதம்’ என்று குறித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும். கதவை அடைப்பது அதற்கடுத்த முடிவுத் தேதி. அதை இயக்காமல் விட்டால் கதவு திறந்தேதான் இருக்கும்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். இரவு 11.59 என்று கெடு வைத்தால் மறுநாள் காலை 5.29 வரை தாமதக் குறி இல்லாமல் ஒப்படைப்பு வந்துகொண்டே இருக்கும். மாணவர் மேலும் தவறில்லை, ஆசிரியர் மேலும் தவறில்லை. தளத்தின் நேர மண்டலம் உலகப் பொது நேரத்தில் நிற்கிறது. நிர்வாகி அதை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றினால் அந்த ஐந்தரை மணி நேரம் ஒழியும்.

இன்னொன்று. தன் பக்கம் மாணவருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ‘பாத்திரம் மாற்று’ வசதியை நம்பவேண்டாம். பார்வை ஓரளவு மாறும், ஆனால் ஒப்படைத்து மதிப்பெண் வாங்கிப் பார்க்க அது உதவாது. துறைக்கு ஒன்றாகப் போலி மாணவர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த்துறையில் பல ஆண்டுகளாகச் சேர்த்த வினா வங்கி வேர்டு கோப்புகளில் இருக்கிறது. மூடுலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பையாக வருகிறது. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யவேண்டுமா?
– இணைப் பேராசிரியர், தஞ்சாவூர்

வேண்டாம். உங்கள் கோப்பு வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துரு ஒன்றில் இருக்கிறது. அவற்றில் கணினியைப் பொறுத்தவரை இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடுகிறது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டும், கல்லூரிக் கணினிகளில் பழைய கோப்புகள் இன்னும் ஏராளம்.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் செய்யும். முதலில் வேர்டில் ஒரு சொல்லின் மேல் சொடுக்கி எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பாமினிக்கும் வானவிலுக்கும் குறியீடு வேறு. தவறானதைத் தேர்ந்தால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும். கேள்விக்கு நடுவே டைம்ஸ் நியூ ரோமனில் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிவிடும். அத்தகைய சொற்களை முன்கூட்டியே மஞ்சளில் குறித்து வைத்து, பிறகு கையால் திருத்துங்கள்.

மாற்றியபின் முழுவதையும் வாசிக்க நேரமில்லையென்றால் இரண்டு இடங்களையாவது பாருங்கள். தட்டச்சுப் பழக்கத்தில் ‘ர’வுக்குப் பதிலாகத் துணைக்காலை அடித்த இடங்கள் ஒன்று. ‘ஔ’வை ‘ஒ’வும் ‘ள’வுமாக, ‘கௌ’வைக் ‘கெ’யும் ‘ள’வுமாக அடித்த இடங்கள் இன்னொன்று. கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் கௌரவம் என்று தேடினால் கிடைக்காது. மாணவர் சரியாக எழுதிய குறுவிடையும் தவறு என்று வரும்.

அடுத்து, கேள்விகளை ஒவ்வொன்றாக ஒட்டாதீர்கள். மூடுல் ஏற்கும் ஐக்கன் என்ற எளிய உரைக்கோப்பு வடிவத்தில் ஒரே கோப்பாக ஏற்றலாம். கேள்வி முழுவதும் ஒரே வரியில். அதன்கீழ் ஒவ்வொரு விடையும் ஒரு வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ, பி, சி, டி, உடனே ஒரு புள்ளி, பிறகு ஓர் இடைவெளி. கடைசி வரியில் ஆன்சர் என்ற சொல் ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில், முக்காற்புள்ளி, இடைவெளி, சரியான விடையின் எழுத்து. தமிழ்த்துறைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் வினாத்தாள்களில் விடைகள் அ, ஆ, இ, ஈ என்றுதானே இருக்கும்? ஐக்கனுக்கு அது புரியாது, முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். ‘கண்டுபிடி, மாற்று’ கட்டளையால் நான்கையும் மாற்றிவிட்டால் போதும்.

நோட்பேடில் சேமிக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய விண்டோஸில் அது ஏஎன்எஸ்ஐ என்று இருக்கும். அப்படிச் சேமித்தால் தமிழ் மொத்தமும் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. முதலில் ஐந்து கேள்வியை மட்டும் ஏற்றிப் பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம்: மூடுல் விடைகளைக் கலைத்துக் காட்டும். ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை முதலாவதாக வந்து நிற்கும். அந்தக் கேள்விகளில் மட்டும் கலைத்தலை அணையுங்கள்.

டைப்ரைட்டிங் ஹையர் முடித்து 20 வருடமாக அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். இனி தமிழ்99 விசைப்பலகைதான் என்று பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். கை வரவில்லை.
– தட்டச்சர், திருநெல்வேலி

யூனிகோடும் விசைப்பலகையும் ஒன்றல்ல. உங்கள் அலுவலகத்துக்கு வேண்டியது யூனிகோடு. விரல் எந்த வரிசையில் போகிறது என்பது வேறு விஷயம். என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் ‘தட்டச்சு’ அமைப்பைத் தேர்ந்தால், நீங்கள் பழகிய விரல் வரிசையிலேயே யூனிகோடு எழுத்து விழும். இருபது வருடப் பழக்கத்தை ஒரு வாரப் பயிற்சியில் பறிக்கப் பார்ப்பது நிர்வாகத்தின் அவசரம்.

புதிதாகச் சேரும் பணியாளருக்கு தமிழ்99 நல்லதுதான். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதில் தானே புள்ளி விழும். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே அடிப்பு. பந்து என்றால் ப, ந, த, உ. ‘ந’வுக்கு அடுத்து ‘த’ வந்தால் புள்ளி தானாக வரும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே ஒரு அ: மமதைக்கு ம, அ, ம, த, ஐ. இந்த ஒரு விதியைச் சொல்லாமல் விடுவதால்தான் முதல் நாளே பலர் எரிச்சலாகி எழுந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10-இல் 2019 முதல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவவேண்டாம்.

தேர்வுப் பிரிவில் இருக்கிறோம். மாணவர்களின் கிரெடிட் வங்கி (வாங்கிய கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் தேசிய இணையக் கணக்கு) எண்களைச் சேர்த்து மதிப்பெண் கோப்போடு பதிவேற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான வரிகள் தவறு என்று திரும்புகின்றன. பயிற்சியில் பவர்பாயின்ட் காட்டினார்களே தவிர, இதை யாரும் சொல்லவில்லை.
– கண்காணிப்பாளர், மதுரை

உங்கள் பயிற்சிக்கு ஆசிரியருக்கான பயிற்சியை அப்படியே நகலெடுத்திருப்பார்கள். அலுவலகப் பணியாளருக்கு வேண்டியது அன்றாடம் கையில் இருக்கும் கோப்பைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது.

திரும்பி வந்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், எக்ஸெல்லில் அல்ல. எண் இருக்கவேண்டிய இடத்தில் 1.23457, அதன்பின் ஆங்கில ‘இ’, அதன்பின் +11 என்று இருக்கிறதா? அதுதான் குற்றவாளி. கிரெடிட் வங்கி எண்ணுக்கு 12 இலக்கம். எக்ஸெல்லின் பொது வடிவம் 11 இலக்கம் வரைதான் முழுசாகக் காட்டும், 12 ஆனதும் அறிவியல் குறியீட்டுக்குத் தாவிவிடும். எக்ஸெல் கோப்பாக இருக்கும்வரை உள்ளே எண் பத்திரம். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக்கோப்பாக) சேமித்த கணமே, திரையில் தெரிவது எதுவோ அதுதான் கோப்பில் எழுதப்படும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். அதே கோப்பைத் திறந்து வடிவத்தை ‘எண்’ என்று மாற்றினால் 123457000000 என்று அழகாக 12 இலக்கம் வரும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

எனவே சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். வெற்று எக்ஸெல்லைத் திறந்து, தரவு மெனுவில் ‘உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து’ என்பதைத் தேர்ந்து, கோப்பின் மூலம் 65001 யுடிஎஃப்-8 என்று வையுங்கள். தமிழ்ப் பெயர்களும் அப்போதுதான் பிழைக்கும். எண் நிரலையும் பதிவெண் நிரலையும் ‘உரை’ என்று மாற்றியபின் ஏற்றுங்கள். முன்னால் பூஜ்யம் உள்ள பதிவெண்களும் இதனால் தப்பும். பக்கத்து நிரலில் எழுத்துகளை எண்ணும் லென் சூத்திரம் போட்டு, 12 வராத வரிகளை வடிகட்டுங்கள். 13 வந்தால் பெரும்பாலும் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளிதான், டிரிம் சூத்திரம் அதை நீக்கும். வேலை முடியும்வரை எக்ஸெல் கோப்பாகவே வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ ஆகச் சேமியுங்கள். சேமித்ததை மறுபடி எக்ஸெல்லில் திறந்து ‘சும்மா ஒரு பார்வை’ பார்த்து, மூடும்போது சேமிக்காதீர்கள். முழு உழைப்பும் அங்கேதான் போகிறது.

பிறந்த தேதியையும் கவனியுங்கள். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் ஜூன் 5 என்று நினைத்து அடித்த 05/06 மே 6 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் தப்பிவிடுவதால் பாதிக் கோப்பு சரி, பாதி தவறு என்று நிற்கும், காரணமே பிடிபடாது.

மிச்சமிருப்பது தலைப்பெழுத்து. ஆதாரில் தந்தை பெயர் முழுசாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்து முன்னால் இருக்கும், கல்லூரிப் பட்டியலில் அதே எழுத்து பின்னால் இருக்கும். மூன்றும் ஒரே பையன்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து பெயரை நீங்களாகத் திருத்தவேண்டாம். ‘ஆதாரில் உள்ளபடி பெயர்’ என்று தனி நிரல் வைத்து, முதலாமாண்டுச் சேர்க்கையின்போதே மாணவர் கண்முன் நிரப்புங்கள். பட்டமளிப்புக்கு முந்தின வாரம் இதைத் தொடங்கும் அலுவலகங்கள் பாடுபடுவதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

பணி மேம்பாட்டுக்கு என்பிடெல் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) பாடம் ஏற்கப்படுமா? எட்டு வாரப் பாடத்தில் சேர்ந்து ஒப்படைப்பெல்லாம் செய்தேன், சான்றிதழ் வரவில்லை.
– உதவிப் பேராசிரியர், வேலூர்

பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குப் பதிவு செய்வது தனி, அதற்குக் கட்டணமும் கெடுவும் உண்டு. அதைத் தவறவிட்டிருப்பீர்கள். மதிப்பெண் 25-க்கு ஒப்படைப்பு, 75-க்கு நேரடித் தேர்வு. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு ஒப்படைப்புகள் கணக்கில் வரும். 25-க்கு 10, 75-க்கு 30 என்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஒன்றில் நிறைய வாங்கி மற்றதை ஈடுகட்ட முடியாது. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் கணக்கில் எட்டு வாரப் பாடம் ஒரு ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டத்துக்கும், 12 வாரம் ஒன்றரைக்கும் சமம். ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டச் சான்றிதழ் வேறு. பதிவின்போதே ஆசிரியர் என்று குறித்திருக்கவேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியரின் முதல் உயர்வில் மின்சான்றிதழுடன் கூடிய ஒரு மூக் (எல்லாரும் சேரக்கூடிய இணையவழிப் பாடம்) பாடத்தையும் ஏற்கின்றன. ஆனால் அது புத்தொளிப் பயிற்சியின் இடத்துக்குத்தான் நிற்கும், அறிமுகப் பயிற்சியின் இடத்துக்கு அல்ல. அறிமுகப் பயிற்சிக்கு மாளவியா மிஷன் மையங்கள் உண்டு. பழைய மனிதவள மேம்பாட்டு மையங்கள்தான் 2023 முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. சேருமுன் முதல்வரின் அனுமதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் தேதி மதிப்பீட்டுக் காலத்துக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள்.

வீடியோ பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். 40 நிமிடம் பதிவு செய்தபின் மின்சாரம் போனது, கோப்பு திறக்கவே இல்லை. ஒலியும் சரியில்லை.
– கௌரவ விரிவுரையாளர், விழுப்புரம்

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் எம்பி4 என்று வைத்துப் பதிந்திருப்பீர்கள். அந்த வடிவம் கோப்பின் அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் நின்றால் முழுக்கோப்பும் பாழ். அமைப்பில் எம்கேவி என்று மாற்றுங்கள், மின்சாரம் போன நொடி வரை மிஞ்சும். பிறகு கோப்பு மெனுவில் ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

40 நிமிடம் ஒரே மூச்சில் எடுக்கவேண்டாம். எட்டு முதல் 12 நிமிடத் துண்டுகளாக எடுத்தால் தவறிய துண்டை மட்டும் மறுபடி எடுக்கலாம். ஸ்லைடு மட்டும் தெரிகிற பாடத்துக்கு 720பி, 1000 கேபிபிஎஸ் போதும். நிமிடத்துக்குச் சுமார் 7.5 எம்பிதான் ஆகும். 2500 வைத்தால் 19 எம்பிக்குக் கிட்டே போகும். உங்கள் மாணவர் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் பார்க்கிறார்.

ஒலிக்குக் காலர் மைக் வாங்குங்கள். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள், புடவைத் தலைப்போ துண்டோ உரசாத இடமாக. மின்விசிறியை அணைக்கத்தான் வேண்டும். வெயிலுக்குப் பயந்தால் காலை ஏழு மணிக்கு எடுங்கள்.

எடுத்த வீடியோ ஒன்றையே மின்னுள்ளடக்கம் என்று கணக்கில் காட்டமுடியாது. நான்கு கால்பகுதிகள் வேண்டும்: வீடியோ, எழுத்துப் பாடம், விவாதமும் துணைநூல் இணைப்புகளும், மதிப்பீடு. யுஜிசியின் 2018 விதிமுறைகளின் அட்டவணையில் நான்கும் உள்ள ஒரு முழுப்பாட மின்னுள்ளடக்கத்துக்கு 12 புள்ளி, ஒரு அலகுக்கு 5.

மாணவர்கள் கட்டுரைகளை ஏஐயில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாமா?
– துறைத்தலைவர், சென்னை

அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறி கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மென்பொருள் காட்டிய ஒரு சதவீதத்தை வைத்து மாணவரைத் தண்டித்தால், அவர் எதிர்த்துக் கேட்கும்போது உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

பதிலாக இரண்டு மணி நேரப் பட்டறை வையுங்கள். ஒவ்வொருவரும் தன் ஒப்படைப்புத் தலைப்பைக் கொண்டுவந்து கருவியில் கொடுத்துப் பார்க்கட்டும். ‘சங்க காலத்தில் நீர் மேலாண்மை’ என்றால் மூன்று பக்கம் கொட்டும், இல்லாத பாடல் எண்களோடு. அதே தலைப்பை இப்படி மாற்றுங்கள்: புறநானூறு 18-இல் குடபுலவியனார் அரசனுக்குச் சொல்வதை உன் ஊர் ஏரியின் இன்றைய நிலையோடு ஒப்பிடு, ஏரிக்கரையில் நீ எடுத்த இரண்டு படங்களை இணை, ஐந்து நிமிடம் நேரில் பேசு. திருத்தும் சுமை கூடும், மறுக்கவில்லை. 60 பேர் உள்ள வகுப்பில் எல்லாருக்கும் நேர்முகம் முடியாது. குலுக்கலில் பத்துப் பேரை அழைப்பீர்கள் என்று முன்கூட்டியே அறிவித்தால் போதும்.

பட்டறையில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மாணவரின் பெயர், பதிவெண், மதிப்பெண் எதையும் அந்தக் கருவிகளில் ஒட்டக்கூடாது.

எனக்கு 56 வயது. பயிற்சியில் இளையவர்கள் வேகமாக முன்னே போகிறார்கள், நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.
– பேராசிரியர், நாகர்கோவில்

உங்கள் பக்கத்தில் உட்காரும் இளையவரிடம் சுட்டியைக் கொடுக்காதீர்கள். ‘தள்ளுங்க சார், நான் பண்ணித் தர்றேன்’ என்றுதான் சொல்வார், அன்பாகத்தான் சொல்வார். ‘நீங்க வாயால சொல்லுங்க தம்பி, நான் அமுக்குறேன்’ என்று சொல்லுங்கள். செய்த வழியை உங்கள் கையெழுத்திலேயே ஒரு அட்டையில் நான்கு வரி எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டிவையுங்கள். பதிப்பு மாறி மெனு இடம் மாறும்போது அந்த அட்டையையும் திருத்துங்கள்.